மீனும் நாயும்: பண்டைப் பண்பாடுகளில் குறியும் பெயரும்

பண்டைச் சமுதாயங்கள் தம்மைச் சூழ்ந்த உயிரினங்களுக்கு அளித்த இடத்தை அறியத் தொல்பொருளும் சமயமும் உதவுவது போலவே மொழியும் உதவுகிறது. ஓர் உயிரைப் பொதுப்பெயரால் மட்டும் சுட்டுவதா, அதன் ஆணுக்கும் பெண்ணுக்கும் இளமைக்கும் தனிச்சொல் வகுப்பதா, அன்றி மக்களுக்கு இடுவது போல் இயற்பெயரே இடுவதா என்பன மொழி செய்யும் தேர்வுகளாகும். இந்நோக்கில் மீனையும் நாயையும் அருகருகே வைத்துக் காண்பது பயன்தரும். நாய் மனிதன் முதன்முதலில் பழக்கிய விலங்கு. மீன் அவனுக்கு உணவாயினும் அவன் முற்றத்துக்கு வராத உயிர். பண்டைச் சான்றுகளில் நாய் இயற்பெயர் பெற்றுத் தனியுயிராக நிற்கிறது. மீனோ பெயரின்றி நின்று, அரசையும் விண்ணையும் வெள்ளத்தையும் சுட்டும் குறியாகிறது. இவ்வேறுபாடு வெறும் சுவைச்செய்தி அன்று. இன்னும் படிக்கப்படாத ஓர் எழுத்தைப் படிக்கும் முயற்சியும், நடுகல் ஒன்றின் வாசகத்தை வேற்றுமொழியில் பெயர்க்கும் பணியும் இதனைச் சார்ந்து நிற்கின்றன.

பேத்தமங்களா: ஏரியும் மும்மொழியும்

கருநாடக மாநிலத்தில் கோலார் தங்கவயலை அடுத்துப் பாலாற்று நீரைத் தேக்கும் பேரேரியை உடைய பேத்தமங்களா, இவ்வாய்வைத் தொடங்குவதற்கு ஏற்ற ஊர். இதன் பழம்பெயர் விசயாதித்தமங்கலம். வாண மரபைச் சேர்ந்த விசயாதித்தன் பெயரால் அமைந்தது. 10ஆம் நூற்றாண்டில் உடைந்த ஏரியை நுளம்ப மன்னன் இரிவன் சீர்செய்வித்தான். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழித்து, தங்கச் சுரங்கங்களுக்கும் அவற்றைச் சுற்றி வளர்ந்த குடியிருப்புகளுக்கும் நீர் இவ்வேரியிலிருந்தே சென்றது. சுரங்கப் பணிக்காக வடஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய தமிழரும், கன்னடம் பேசுவோரும், தெலுங்கு பேசுவோரும் இவ்வட்டாரத்தில் கலந்து வாழ்கின்றனர். 2001இல் சுரங்கம் மூடப்பட்ட பின்னும் இம்மும்மொழி வழக்கு மறையவில்லை.

இம்மூன்று மொழிகளில் மீனுக்கும் நாய்க்கும் உரிய சொற்கள் ஒரே வகையில் அமையவில்லை. தமிழில் மீன், நாய். கன்னடத்தில் மீனு, நாயி. தெலுங்கில் சேப, குக்க. தமிழும் கன்னடமும் ஒரு வழிப்பட, தெலுங்கு இரண்டிலும் விலகி நிற்கிறது. தெலுங்கு இலக்கிய வழக்கில் மீனம் முதலிய வடிவங்கள் உண்டெனினும் பேச்சில் வழங்குவது சேப என்பதே. விண்ணில் ஒளிரும் மீனைக் குறிக்க இன்றைய கன்னடப் பேச்சில் சுக்கி, நட்சத்திர என்றும் தெலுங்கில் சுக்க என்றும் வழங்குவர். நீரில் நீந்துவதும் விண்ணில் மின்னுவதும் ஒரே சொல்லாக உயிர்ப்புடன் நிற்பது இம்மூன்றனுள் தமிழில்தான். இச்செய்தி பின்னர் வேண்டப்படும்.

ஏரி இருந்த இடத்தில் மீனும் வருவாயாயிற்று. தமிழ்க் கல்வெட்டுகளில் வரும் பாசிப்பாட்டம் என்னும் வரிப்பெயர் மீன்பிடிப்பின் மேல் இடப்பட்ட வரியைக் குறிக்கும். சொல்லைப் பிரித்துப் பாசிக்குரிய குத்தகை என்று பெயர்ப்பவர் மீனை முற்றாக இழந்துவிடுவார். கோலார் மாவட்டக் கல்வெட்டுகள் ரைஸ் 1905இல் வெளியிட்ட கருநாடகக் கல்வெட்டுத் தொகுதியின் 10ஆம் மடலில் இடம்பெற்றுள்ளன. அவற்றுள் கன்னடக் கல்வெட்டுகளோடு தமிழ்க் கல்வெட்டுகளும் மிகப் பல. ஆதலின் இவ்வட்டாரக் கல்வெட்டுகளை ஆய்வோர் இருமொழிப் புலமையின்றி இயங்குதல் அரிது.

நடுகல்லில் பெயர் பெற்ற நாய்

பேத்தமங்களாவுக்குப் பெயர் தந்த வாணர், நாயின் வரலாற்றிலும் ஓரிடம் பெறுகின்றனர். செங்கம் வட்டார நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல் நூலாக வெளியிட்டது. இவ்வட்டாரத்தின் எடுத்தனூர் நடுகல் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. வாணகோ அரசரைச் சார்ந்த வீரனாகிய கருந்தேவக்கத்தி எருமைகளின் பொருட்டு நிகழ்ந்த பூசலில் இறந்ததை அது கூறுகிறது. அத்துடன் நில்லாமல், கோவிவன் என்னும் நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காவல் புரிந்ததையும் பொறித்துள்ளது. வீரன் உருவத்தோடு நாயின் உருவமும் கல்லில் உள்ளது.

இக்கல்வெட்டின் மொழிநடை மொழிபெயர்ப்பாளரின் கருத்துக்கு உரியது. நாயின் செயலைக் கூறும் தொடர் காத்திருந்தவாறு என முடிகிறது. இன்றைய தமிழில் காத்திருத்தல் என்பது ஒருவர் வருகைக்காகத் தங்கியிருத்தலாகும். கல்வெட்டில் அது காத்து இருத்தல், அதாவது காவல் செய்து நிற்றல். இன்றைய பொருளை ஏற்றிப் பெயர்த்தால் தலைவனுக்காகக் காத்துக் கிடந்த நாய் என்னும் உருக்கமான கதை ஒன்று தோன்றிவிடும். அக்கதை கல்லில் இல்லை. இறுதியில் நிற்கும் ஆறு என்னும் சொல்லும் நோக்கத்தக்கது. அது நிகழ்ச்சியைக் கதையாகச் சொல்லும் வினைமுற்று அன்று. இவ்வாறு நிகழ்ந்தது என்று உருவத்தைச் சுட்டிக்காட்டும் பெயர்முடிபு. எனவே அத்தொடர் நாயின் உருவத்துக்கு எழுதப்பட்ட விளக்கம் எனக் கொள்வதே பொருந்தும்.

ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்குப் பின், பழங்கன்னடத்தில் இதனினும் விரிவான சான்று கிடைக்கிறது. மாண்டியா மாவட்டத்து ஆதகூரில் நிறுவப்பட்டுப் பின்னர்ப் பெங்களூர் அருங்காட்சியகத்தில் சேர்க்கப்பட்ட கல் அது. காலம் கி.பி. 949-50. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனும் கங்க மன்னன் இரண்டாம் பூதுகனும் தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தனை வென்ற செய்தியை அக்கல் கூறுவதால், வரலாற்றாசிரியர் அதனைப் போற்றுகின்றனர். ஆயினும் கல் நடப்பட்ட காரணம் அப்போர் அன்று. பூதுகனின் வீரனாகிய மணலேரன் போரில் காட்டிய ஆண்மையை வியந்து, வேண்டியதைக் கேள் என்று மன்னன் கூற, அவன் கேட்டுப் பெற்றது காளி என்னும் வேட்டைநாய். அந்நாயைப் பெரும் பன்றி ஒன்றின் மீது ஏவியபோது நாயும் பன்றியும் ஒன்றையொன்று கொன்று மாய்ந்தன. அதன் நினைவாகவே கல் எழுந்தது. நாயும் பன்றியும் பொரும் காட்சி மேலே செதுக்கப்பட்டுள்ளது. கல்லின் வழிபாட்டுக்கு நிலம் விடப்பட்டது. அதற்குப் பொறுப்பான கொரவன் கல்லை வழிபடாமல் உண்பானாயின் பாவம் எய்துவான் என்னும் எச்சரிக்கையும் உண்டு.

கங்கர் தம்மைக் குவளாலபுரத் தலைவர் என்று விருதுப்பெயரால் கூறிக்கொண்டவர்கள். குவளாலம் என்பது இன்றைய கோலார். ஆதகூர் கோலாருக்கு மேற்கே தொலைவில் உள்ளதெனினும் இரண்டும் ஒரே அரசியல் உலகைச் சேர்ந்தவை. ஒருபுறம் நுளம்பர் ஏரியைக் கட்டிக்கொண்டிருந்த அதே நூற்றாண்டில், மறுபுறம் ஒரு நாய்க்குக் கல்லும் நிலமும் பூசையும் வழங்கப்பட்டன.

இங்குச் சொல்லாட்சியில் ஒரு சிக்கல் எழுகிறது. கொரவ என்னும் கன்னடச் சொல் சைவத் துறவியை அல்லது பூசகனைக் குறிக்கும். தமிழில் குரவர் என்றால் பெரியோர். குறவர் என்றால் மலைவாழ் மக்கள். மூன்றும் வெவ்வேறு. ஒலி ஒப்புமையை நம்பித் தமிழாக்குபவர் நாய்க்கல்லின் பூசகனைக் குன்றவாணனாக ஆக்கிவிடக்கூடும். பிற்கால மைலார வழிபாட்டிலும் அடியார் கொரவர் எனப்படுகின்றனர் என்பதும், அவ்வழிபாட்டில் அடியார் சிலர் நாய்போல் குரைத்துத் தம்மை இறைவனின் நாய்களாகக் காட்டிக்கொள்வர் என்பதும் இவ்விடத்து நினைக்கத்தக்கன. ஆதகூர்க் கல்லுக்கும் அவ்வழக்குக்கும் நேர்த்தொடர்பு உண்டெனக் கூறச் சான்றில்லை. சூழல் ஒற்றுமை மட்டும் உண்டு.

மரபியல் வகுக்கும் உறவு

நாயும் பன்றியும் ஒரே கல்லில் நின்றது போலவே தொல்காப்பிய மரபியலிலும் ஒரே நூற்பாவில் நிற்கின்றன. இளமைப் பெயர்களை வகுக்குமிடத்து நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் இளமைக்கும் குருளை என்னும் பெயரை அந்நூல் உரியதாக்குகிறது; நரியையும் பின்னர்ச் சேர்க்கிறது. பெண்மைப் பெயரிலோ பன்றி, புல்வாய், நாய் என்னும் மூன்றுக்கும் பிணவு என்னும் பெயர் அமைகிறது. வேட்டையாடும் விலங்கும் வேட்டையாடப்படும் விலங்கும் ஒரு சொல்லின் கீழ் வருகின்றன. வீட்டுவிலங்காகிய ஆவோடும் எருமையோடும் நாய் இங்குச் சேர்க்கப்படவில்லை. அதனை முற்றத்து உயிராகக் கருதாமல் காட்டின் உயிராகக் கருதிய வேட்டுவரின் மொழிவழக்கை இலக்கணம் பதிவு செய்துள்ளது எனக் கருத இடமுண்டு.

மீனுக்கு இத்தகைய வகுப்பு இல்லை. மீன்களுள் சுறா ஒன்றே ஏறு என்னும் ஆண்பாற் பெயரைப் பெறுகிறது. ஏனையவை கயல், கெண்டை, வாளை, வரால், ஆரல், அயிரை என இனப்பெயரால் மட்டும் அறியப்படுகின்றன. சங்கப் பாடல்கள் மீனினங்களைப் பிரித்தறிந்த நுட்பம் வியப்புக்குரியது. எனினும் அவற்றுள் தனியொரு மீன் பெயர் பெற்று நிற்பதில்லை. சதபத பிராமணத்தில் மனுவை வெள்ளத்திலிருந்து காத்த மீனும் பெயரற்றதே. பாகவத புராணம் அக்கதையைத் திராவிட நாட்டு மன்னன் சத்தியவிரதன் மீது ஏற்றி, கிருதமாலை ஆற்றில் நிகழ்ந்ததாகக் கூறுகிறது. அங்கும் மன்னனுக்குப் பெயர் உண்டு, ஆற்றுக்குப் பெயர் உண்டு, மீனோ மீன்தான். அது திருமாலின் வடிவம் என்று அறியப்பட்டபோது பெற்ற பெயர் இறைவனின் பெயரேயன்றி மீனின் பெயர் அன்று.

பிற நாட்டுச் சான்றுகள்

நாய்க்குப் பெயரிட்டுக் கல்லில் பொறிக்கும் வழக்கு தமிழ், கன்னட நிலங்களுக்கு மட்டும் உரியதன்று. எகிப்தின் 11ஆம் அரசமரபைச் சேர்ந்த இரண்டாம் இன்டெஃப் மன்னனின் கல்லறைக் கல்லில் அவனுடைய நாய்கள் பெயருடன் காணப்படுகின்றன. காலம் கி.மு. 21ஆம் நூற்றாண்டளவு. மொழியியலார்க்கு இக்கல் அரியதொரு கருவூலம். ஏனெனில் அந்நாய்ப்பெயர்கள் எகிப்திய மொழிச் சொற்கள் அல்ல. மேற்கே வாழ்ந்த லிபியரின் மொழியைச் சேர்ந்தவை. அவற்றுட் சிலவற்றுக்கு எகிப்தியப் பொருள் அருகே எழுதப்பட்டுள்ளது. ஒரு பெயருக்கு மான்வகை என்றும் மற்றொன்றுக்குக் கருப்பன் என்றும் பொருள் தரப்பட்டுள்ளன. அபகர் என்னும் பெயரை வேட்டைநாயைக் குறிக்கும் துவாரெக் மொழிச் சொல்லோடு ஒப்பிடுவர். பெர்பர் மொழிக்குடும்பத்தின் மிகப்பழைய சொற்சான்றுகளுள் சில நாய்களின் பெயராக எஞ்சின என்பது கருதத்தக்கது. நாயோடு அதன் பெயரும் நாடு கடந்து வந்திருக்கிறது. அரசவையின் எழுத்தர் அதற்கு மொழிபெயர்ப்பும் எழுதி வைத்திருக்கிறார்.

அசிரியத் தலைநகராகிய நினிவேயில், கி.மு. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அரண்மனை வாயிலில் புதைக்கப்பட்ட ஐந்து களிமண் நாய்ப் பாவைகள் கிடைத்தன. ஒவ்வொன்றின் விலாவிலும் ஒரு பெயர் உள்ளது. தீயதை ஓட்டுவது, பகைவனைப் பிடிப்பது, உரக்கக் குரைப்பது, எண்ணாது கடிப்பது என்ற வகையில் அப்பெயர்கள் அமைந்துள்ளன. அதே நாகரிகத்தில் மீனுடை போர்த்த முனிவர் எழுவரின் உருவங்களும் வீட்டுக் காவலுக்காக நிலத்தடியில் புதைக்கப்பட்டன. அவை கூட்டமாகவே புதைக்கப்பட்டன. அம்முனிவர்க்கு மரபில் பெயர்கள் உண்டெனினும் அவை முனிவர்க்குரியனவே. போர்த்திய மீனுக்கு உரியன அல்ல. காவல் என்னும் ஒரே பணியில் நாய் பெயரோடும், மீன் போர்வையாகவும் அமைந்தன.

காசுமீரத்துப் பூர்சாகோமில் புதிய கற்காலத்தில் மனிதரோடு நாயும் புதைக்கப்பட்டது. எழுத்தறியாக் காலமாதலின் அந்நாய்களின் பெயர் அறியவாராது.

நாயேன் என்னும் தன்மை

இவ்வளவு உயர்வு பெற்ற உயிரின் பெயரே வசைச்சொல்லாகவும் ஆயிற்று. இம்முரணை விளக்க முற்படுவோர் காலப்போக்கில் நாய் மதிப்பிழந்தது என்று எளிதாகக் கூறிவிடுவர். சான்றுகள் அதற்கு முற்றிலும் இடந்தரவில்லை. உயர்வும் தாழ்வும் ஒரே காலத்தில் உடன் வழங்கியுள்ளன.

மாணிக்கவாசகர் தம்மை நாயேன், நாயினேன் என்று திரும்பத் திரும்பக் கூறிக்கொள்கிறார். நாய் என்னும் பெயர்ச்சொல் ஏன் என்னும் தன்மை ஒருமை விகுதியை ஏற்று நிற்பதை இலக்கண நோக்கில் காணவேண்டும். அடியேன், சிறியேன் என்பன போன்று இதுவும் தன்மைப்பெயராகவே இயங்குகிறது. இதனை நாயாகிய நான் என்று ஒவ்வோரிடத்தும் விரித்துப் பெயர்த்தால், மூலத்தில் ஒரு பணிவு விகுதியளவில் அடங்கி நின்ற உவமை, மொழிபெயர்ப்பில் உரத்த கூக்குரலாகிவிடும். முற்றும் விட்டுவிட்டு நான் என்று மட்டும் எழுதினால் உரிமை உணர்வு போய்விடும். உரிமை என்பது இங்கு முக்கியம். நாய் இழிந்தது மட்டுமன்று. உடையவன் ஒருவனை உடையதும் ஆகும். உடையவனை இழந்த நாயும் உடையவனைப் பற்றிய நாயும் தமிழ் மரபில் வேறு வேறு.

இதற்கு ஒப்பான வழக்கு மேற்காசியாவிலும் உண்டு. கி.மு. 14ஆம் நூற்றாண்டு அமர்னா மடல்களில் சிற்றரசர் எகிப்திய மன்னனுக்குத் தம்மை நாய் என்று கூறிக்கொள்கின்றனர். கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த இலாகீசு ஓட்டு மடல்களில் எழுதுபவர், தம் தலைவர் தம்மை நினைவுகூரத் தாம் ஒரு நாயன்றி வேறென்ன என்ற கருத்தில் எழுதுகிறார். அது கடிதநடையின் பணிவுமொழி. திருவாசகத்தில் அது சமய உணர்வின் மொழி. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்தலாம். ஒரே தொனியைப் பயன்படுத்தல் இயலாது.

நாயை முன்னிட்டு மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் மிகக் கடினமான இடம் ஆற்றுப்படை நூல்களில் உள்ளது. பொருநராற்றுப்படை முதலியன பாடினியின் சிற்றடியை ஓடியிளைத்த நாயின் நாவுக்கு ஒப்பிடுகின்றன. மென்மையும் செம்மையும் நீரூறும் ஈரமும் உவமைக்கு அடிப்படை. நடந்து வருந்திய அடி என்னும் துயரும் அதனுள் அடங்கும். இன்றைய வாசகர் இதனை வசையென மயங்குவார் என்று அஞ்சி நாயை நீக்கிச் செந்தாமரையை வைக்கும் தமிழாக்கம், பாணர்களின் கூர்ந்த நோக்கை அழித்துவிடும். உவமையை அப்படியே பெயர்த்து வாசகரைச் சற்றே திடுக்கிட விடுதலே நேர்மையான வழியாகும்.

மீன் என்னும் குறி

மீனுக்கு இத்தகைய உயர்வுதாழ்வுச் சிக்கல் இல்லை. அதன் சிக்கல் வேறு. அது எப்போதும் பிறிதொன்றைச் சுட்டுகிறது. பாண்டியரின் காசுகளிலும் முத்திரையிலும் பொறித்த மீன் அரசைச் சுட்டியது. அதனால் மீனவன் என்னும் சொல் இடைக்காலத் தமிழில் பாண்டிய மன்னனைக் குறித்தது. இன்று அதே சொல் மீன்பிடிப்பவரைக் குறிக்கிறது. பண்டு அவர்களுக்குப் பரதவர், நுளையர், வலையர், திமிலர் எனப் பெயர்கள் வழங்கின. பழைய பாடலொன்றில் மீனவன் போர்க்களத்தில் தோற்றான் என வருமாயின் தோற்றவன் யார் என்பது சொல்லின் காலத்தைப் பொறுத்தது. பிழையாகப் பெயர்த்தால் பேரரசன் ஒருவன் வலைவீசுபவனாகிவிடுவான்.

மீன் சுட்டும் பொருள்களுள் மிகப் பெரும் விவாதத்துக்கு உள்ளாகியது விண்மீன். சிந்துவெளி எழுத்தில் மீன் வடிவக் குறி மிகுதியாக வருகிறது. தனியாகவும், மேலே கூரை போன்ற கோடு பெற்றும், உள்ளே சிறுகோடுகள் பெற்றும் பல வடிவுகளில் அமைகிறது. மீனின் படம் மீன் என்னும் ஒலியைக் குறித்து, அவ்வொலி வழியாக விண்மீனையும் அதன்வழித் தெய்வத்தையும் குறித்தது என்பது ஈராசு பாதிரியார் முதலியோர் தொடங்கி, ஆசுகோ பார்ப்போலா 1994இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவ முயன்ற கருத்து. ஆறு கோடுகளும் மீனும் அறுமீன் ஆகிய கார்த்திகையையும், ஏழு கோடுகளும் மீனும் எழுமீனையும் குறிக்கும் என்பர். இக்கூட்டுப்பெயர்கள் பழந்தமிழில் உண்மையாகவே வழங்கியவை ஆதலின் இவ்விளக்கம் கவர்ச்சியுடையது.

இங்கு மொழியியலார் இரண்டு வினாக்களைப் பிரித்துக் காணவேண்டும். மீன் என்னும் உயிர்ப்பெயரும் மீன் என்னும் ஒளிப்பெயரும் மின் என்னும் ஒரே வேரில் பிறந்தனவா என்பது ஒரு வினா. அவை ஒரே காலத்தில் ஒரே ஒலியுடன் வழங்கினவா என்பது வேறு வினா. ஒலிப்படக் குறிக்கு இரண்டாவதே வேண்டும். வேர் ஒன்றாயிருத்தல் வேண்டுவதில்லை. ஆகவே வேர்ச்சொல் விவாதத்தில் பெறும் வெற்றி, எழுத்துவாசிப்பின் வெற்றி ஆகாது. மேலும் பேத்தமங்களா வட்டாரத்து மும்மொழிகளில் கண்டவாறு, இன்றைய பேச்சில் இவ்வொலியொப்புமை தமிழில் வாழ, அண்டை மொழிகள் விண்ணொளிக்கு வேறு சொல்லைக் கொண்டுள்ளன. தமிழில் வாழ்வது தொல்திராவிடத்திலும் வாழ்ந்தது என நிறுவப் பிறமொழிச் சான்றுகள் வேண்டும். தமிழ் இலக்கியச் சான்று மட்டும் போதாது. சிந்துவெளிக் குறிகள் மொழியை எழுதும் எழுத்தே அல்ல என்று 2004இல் பார்மர், சுபுரோட், விட்செல் ஆகியோர் எழுப்பிய மறுப்பும் உண்டு. அம்மறுப்பும் ஏற்புடையதென அனைவரும் ஒப்பவில்லை. இருபுறமும் வாதம் நீடிக்கும் நிலையில், மீன் குறியைத் தமிழ்ப் பெருமைக்குச் சான்றாக மேடைகளில் முன்வைப்பது அவசரமே.

இரு குறிகள் மோதிய ஊர்

மீனும் நாயும் நேருக்கு நேர் மோதிய நிகழ்ச்சி ஒன்றைக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க்கு குறிப்பிடுகிறார். எகிப்தில் நாயைப் போற்றிய கினோபோலிசு ஊரார், அண்டை ஊராகிய ஆக்சிரிங்கசு மக்கள் புனிதமாகக் கருதிய மீனை உண்டனர். சினங்கொண்ட ஆக்சிரிங்கசு மக்கள் நாய்களைப் பிடித்துப் பலியிட்டு உண்டனர். பூசல் போராக முற்ற, உரோமர் தலையிட்டு இருவரையும் ஒறுத்தனர். ஊர்ப்பெயர்களே கதையைச் சொல்லுகின்றன. கினோபோலிசு என்பது நாயூர். ஆக்சிரிங்கசு என்பது கூர்மூக்கு உடைய அம்மீனின் கிரேக்கப் பெயர். எகிப்திய மொழியில் அவ்வூர் வேறு பெயரால் வழங்கியது. வேற்றுமொழியார் இட்ட மொழிபெயர்ப்புப் பெயரே உலகில் நிலைத்தது. இப்பூசலில் நாயும் குறியாகவே நின்றது, தனியுயிராக அன்று. பெயர் பெற்ற நாயை எவரும் பழிக்குப் பழியாக உண்டிருக்க மாட்டார் எனலாம்.

கன்னட மொழி வரலாற்றோடும் அம்மீனூருக்குத் தொடர்பு கூறுவர். அங்குக் கிடைத்த தாள்சுவடிகளுள் ஒன்றாகிய கிரேக்க நகைநாடகம், இந்தியக் கடற்கரையில் நிகழ்வதாக அமைந்தது. அதில் வரும் அயல்மொழித் தொடர்கள் கன்னடமாகலாம் என 1904இல் ஊல்ட்சு எழுதினார். துளு எனக் கொள்வாரும், வெற்றொலி எனக் கொள்வாரும் உளர்.

நீர்நாய்

மீனும் நாயும் ஒரே சொல்லின் சூழலில் இணையும் இடம் நீர்நாய். இவ்விலங்கு நாயினத்தைச் சேர்ந்தது அன்று. எனினும் தமிழில் நீர்நாய், மலையாளத்தில் நீர்நாய, கன்னடத்தில் நீருநாயி, தெலுங்கில் நீட்டிகுக்க எனத் தென்னகம் முழுவதும் அது நாயாகவே அறியப்படுகிறது. நாய்க்கு வேறு சொல் கொண்ட தெலுங்கும் அதே உருவகத்தைத் தன் சொல்லால் அமைத்துக்கொண்டது என்பது கருதற்குரியது. சொல் கடன்பெறப்படாமல் கருத்து மட்டும் பரவியதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. இலங்கையில் சிங்களமும் தியபல்லா, அதாவது நீர்நாய், என்றே கூறுகிறது. வடக்கே சென்றால் நாய் பூனையாகிவிடுகிறது. மராத்தியில் பாண்மாஞ்சர், இந்தியில் ஊத்பிலாவ் என்பன நீர்ப்பூனை என்னும் பொருளன. வடமொழி அகராதிகள் சலமார்ச்சாரம் என நீர்ப்பூனையும் சலநகுலம் என நீர்க்கீரியும் தருகின்றன. வேதகாலச் சொல்லாகிய உத்ர என்பதில் நீர் மட்டுமே உண்டு. ஆங்கில ஆட்டர் என்னும் சொல்லும் அதே இந்தோ-ஐரோப்பிய வேரினது. சிங்களம் இந்தோ-ஆரிய மொழியாயினும் இவ்விடத்துத் தென்னக மொழிகளோடு நிற்றல், மொழிக்குடும்பத்தைக் காட்டிலும் நிலப்பரப்பு உருவகங்களை வகுக்கும் என்பதைக் காட்டுகிறது.

தொலைவில் வெல்சு மொழியின் டிவர்கி, ஐரிசு மொழியின் டோவர்கூ ஆகியனவும் நீர்நாய் என்றே பொருள்படும். பண்டை ஈரானியரிடத்தில் இவ்வுருவகம் சமயக் கோட்பாடாகவே விளைந்தது. வெந்திதாது என்னும் அவெத்தா நூற்பகுதி நீர்நாயை நாய்களுள் ஒன்றாக எண்ணுகிறது. இறந்த நாயின் உயிர் நீரூற்றுகளைச் சென்றடையும் என்றும், ஆயிரம் ஆண் நாய்களும் ஆயிரம் பெண் நாய்களும் கூடி நீர்நாய் இணையாக ஆகும் என்றும் கூறுகிறது. அதனைக் கொல்வது கொடிய குற்றம். ஈராயிரம் நாய்களின் உயிர் ஒன்றாய்த் திரண்ட விலங்கு மீனை உண்டு வாழ்கிறது!

சங்க இலக்கியத்தில் நீர்நாய் மருதத்திணைக்குரியது. ஐங்குறுநூற்றிலும் குறுந்தொகையிலும் அது பொய்கையில் வாளைமீனை அன்றாட இரையாகப் பெறுகிறது. அப்பொய்கை ஊரின் தலைவன் பரத்தையர் சேரியிலிருந்து மீள்பவன். மீன்நாற்றம் வீசும் நீர்நாய், அவன் மேனியில் ஒட்டிய பிறமகளிர் தொடர்பைச் சுட்டும் உள்ளுறையாகும். இவ்வுள்ளுறையில் நாய் என்னும் சொற்கூறு வேலை செய்கிறது. உண்ணத்தகாததை நாடித் திரியும் உயிர் என்னும் குறிப்பை அது தருகிறது. தலைவி நேரில் சொல்லாத வசையைப் பெயரே சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் ஆட்டர் என்று பெயர்த்தவுடன் அவ்வசை மறைந்து, ஆற்றில் விளையாடும் அழகிய விலங்கொன்று மிஞ்சுகிறது. செருமானியத்தில் பிசுஆட்டர் என்னும் சொல் மீனைக் கொண்டுவருகிறது, நாயை விட்டுவிடுகிறது. இந்தியில் பூனை வந்து சேர்கிறது. திருட்டுப் பூனை என்னும் குறிப்பால் ஓரளவு ஈடு செய்யலாம். சிங்கள மொழிபெயர்ப்பாளர் ஒருவர்க்குத்தான் இவ்விடத்தில் அடிக்குறிப்பு வேண்டாம். தியபல்லா என்று எழுதினாலே தலைவியின் குரல் கேட்கும்.